‘லைட்டா ஒண்ணு குடுப்பா!’ – இந்த லேசின் கதை தெரியுமா?

திருவண்ணாமலையில் ஒரு மதுக்கடை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் விற்பனையாளர், இந்தப் பக்கம் நீளும் பத்துக் கைகள். அதில் ஒரு கை என் மாமாவுடையது. வயது 62. வருடத்துக்கு இரண்டு மூன்று தரம்தான் இந்தப் பக்கம் வருவார். வந்தால் ஒரே வேண்டுகோள்தான்: “லைட்டா ஒண்ணு குடுப்பா. நல்லா வெளுப்பா இருக்கறதா பாத்து எடு!”

வெளுப்பாக இருந்த விஸ்கியையே எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மடக்கு குடித்த மாமாவின் முகம், வேப்பங்கொழுந்தைக் கடித்த குழந்தையின் முகமாகிவிட்டது. “இன்னாடா மாப்ள, வெளுப்பா இருந்தும் தொண்டைய அறுக்குது?” என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய், செங்கம் வழியாக ஸ்காட்லாந்து வரை சுற்றிவர வேண்டியதாயிற்று. வழியில் கிடைத்த ஆச்சரியங்கள்தான் இவை. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள், தெரியுமா?

பீப்பாய்க்குள் போகும்போது விஸ்கிக்கு நிறமே கிடையாது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும்! ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்துதான் பொன்னிறம் ஏறுகிறது. ஆனால் கடையில் நாம் பார்க்கும் நிறம் முழுக்க மரம் தந்ததுதானா என்றால், இல்லை! சர்க்கரையைக் காய்ச்சிக் கருக்கிய கேரமலைச் சேர்த்து நிறத்தைச் சமன் செய்ய ஸ்காட்லாந்துச் சட்டமே அனுமதிக்கிறது. இ150ஏ என்பது அதன் குறியீடு. பாயசத்துக்கு நிறம் வர அடுப்பில் சர்க்கரையைக் கருக்குவார்களே, அதே வேலை. ஆகவே கறுத்திருப்பது கனமும் இல்லை, வெளுத்திருப்பது லேசும் இல்லை. மாமா அவுட்!

லேசு என்றால் போதை கம்மி என்று அர்த்தமே இல்லை, தெரியுமா?

நம்மூர் விஸ்கி பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 42.8 சதவீதம் என்றே இருக்கும். அது என்ன கணக்கு? நாற்பது என்றோ நாற்பத்தைந்து என்றோ முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா?

அங்கேதான் வெடிமருந்து வருகிறது! பழைய இங்கிலாந்தில் சாராயத்தைத் துப்பாக்கி மருந்தில் ஊற்றித் தீ வைத்துப் பார்ப்பார்களாம். பற்றிக்கொண்டால் சரக்கு நிஜம், அதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது, அதாவது ‘ப்ரூஃப்’! பின்னால் அதை அளவுகோலாக்கியபோது 100 ப்ரூஃப் என்பது ஏறத்தாழ 57.1 சதவீத ஆல்கஹால் என்று ஆயிற்று. அதில் முக்கால் பங்கு, அதாவது 75 ப்ரூஃப் எவ்வளவு? 42.8! வெள்ளைக்காரன் போனான், அவன் வெடிமருந்துக் கணக்கு மட்டும் நம் லேபிளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு கணக்கு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி! 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் இருப்பதோ 52 மில்லி. லேசான விஸ்கி, கனமான விஸ்கி எதுவானாலும் குவார்ட்டரில் இந்த 77 மாறாது. ‘லைட்தானே’ என்று இன்னொரு கட்டிங் போடுகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கவும்.

அப்படியானால் எதுதான் லேசு? பதில் ரசச் சட்டியில் இருக்கிறது, தெரியுமா?

ரசம் இறக்கிப் பத்து நிமிடம் கழித்துக் கலக்காமல் கரண்டியை விடுங்கள். மேலே தெளிவு. அதை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் நாக்கில் நிற்காது, மிளகும் சீரகமும் மணந்துவிட்டு ஓடிவிடும். அடியில் விட்டுக் கலக்கி ஊற்றினால் பருப்பும் தக்காளியும் சேர்ந்து வாயை நிறைக்கும், நாக்கில் தங்கும். புளியும் உப்பும் இரண்டிலும் ஒன்றுதான், வாயில் உணரும் கனம்தான் வேறு!

விஸ்கியில் ‘பாடி’ என்று சொல்வது இதைத்தான். எண்ணெய்ப் பசையும் அடர்த்தியும் வாயை நிறைத்தால் அது கனம். பூ, பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், தேன் என்று மெல்ல மணந்து சட்டென்று விலகினால் அது லேசு. ரசத் தெளிவு மாதிரி!

இந்த லேசுக்குத் தமிழில் இரண்டாயிரம் வருடப் பழைய சொல் இருக்கிறது, தெரியுமா?

‘தேறல்’! கள், நறவு, மட்டு, தோப்பி, பிழி என்று சங்கப் பாட்டில் மதுவுக்கு வரிசையாகப் பெயர்கள். அதில் தேறல் என்பது தெளிவு. கலங்கல் அடங்கி, வண்டல் நீங்கி, மேலே நின்றது. கலங்கலாக இருந்த ஒன்று தெளிந்து தேறிவிட்டது என்று பெயரே சொல்லிவிடுகிறது. பரீட்சையில் பையன் தேறினான் என்கிறோமே, அதே தேறுதல்! எதை நீக்கினோம் என்பதுதான் லேசுக்கு அடையாளம் என்று நம் ஆட்கள் அப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தச் சொல்லை மனசில் வையுங்கள், கடைசி வரை கூட வரும்.

மரத்தில் ஊறவைக்கும் வித்தை நம்ம செங்கத்துக்காரர்களுக்குத் தெரியும், தெரியுமா?

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா. நன்னன் என்ற வேளின் ஊர். அவனைப் பாடியது ‘மலைபடுகடாம்’, பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள், பாடியவர் பெருங்கௌசிகனார். பரிசில் தேடிப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. வழியில் மலைச் சிற்றூரில் என்ன கிடைக்கும் என்று புலவர் சொல்கிறார் பாருங்கள்: மூங்கில் குழாயில் ஊற்றி வைத்து முற்ற விட்ட தேன் கள்ளின் தேறல்!

அடேங்கப்பா! ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாய், நம் ஜவ்வாது மலைப் பக்கம் மூங்கில் குழாய். காய்ச்சி வடித்ததல்ல, புளித்த கள்தான். ஆனால் மரப் பாத்திரத்தில் அடைத்துக் காலத்தை வேலை செய்ய விடும் யோசனை அங்கேயே இருக்கிறது.

அதைவிட வேடிக்கை அடுத்த வரிகளில். தேறலும் நறவும் குடித்துக் கிடந்து விடிகாலையில் எழுந்தால் தலை கிறுகிறுக்குமே, அது தெளியச் சாப்பாடும் சொல்லிவிடுகிறார் புலவர்! பலாக்கொட்டை, வேட்டைக் கறி, இனிய புளி, மோர் எல்லாம் சேர்த்து மூங்கில் அரிசியில் குறமகள் ஆக்கிய சோறு. இன்றைக்கும் மறுநாள் காலையில் மோர் தேடுகிறவர்கள், தங்களுக்குச் சங்க இலக்கியச் சான்று உண்டு என்று தெம்பாகச் சொல்லிக்கொள்ளலாம்!

‘மால்ட்’ கூடப் பழைய சங்கதிதான், தெரியுமா?

சிங்கிள் மால்ட் என்றால் என்ன? பார்லியை ஊறப்போட்டு முளைகட்டி, காயவைத்து, அரைத்து, புளிக்கவைத்துக் காய்ச்சுவது. ஒரே ஆலையில் தயாரானால் ‘சிங்கிள்’. முளைவிடும்போது தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக உடையத் தொடங்குகிறது. நம் வீட்டுக் கேழ்வரகு முளைமாவு இனிக்கிறதே, அதுவே காரணம்.

இப்போது ‘பெரும்பாணாற்றுப்படை’க்கு வாருங்கள். காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய பாட்டு. குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விட்டுப் பிழிந்தெடுக்கும் மதுவைப் படிப்படியாகச் சொல்கிறது, பழைய உரையும் அப்படியே பொருள் தருகிறது. சமையல் குறிப்பே தோற்றது போங்கள்!

ஃபாரின் சரக்கு மோகமும் புதிதில்லை, தெரியுமா?

யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் சொல்கிறார். பாட்டு மட்டுமா? புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கைநிறையக் கிடைத்தன! இன்றைக்கு விமான நிலையத்தில் இறங்குகிறவர் வரியில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். யவனனுக்கு அந்த அளவுக்கட்டுப்பாடு இருந்திருக்காது போல!

லேசான விஸ்கியைக் கண்டுபிடித்தவர் ஒரு கலால் அதிகாரி, தெரியுமா?

நம்ப முடிகிறதா? பெயர் ஈனியாஸ் காஃபி. அயர்லாந்துக்காரர். கள்ளச்சாராயம் பிடிக்கப் போய், 1810இல் டோனகல் பகுதியில் ஒரு கும்பலிடம் மாட்டி, துப்பாக்கி முனை ஈட்டியால் குத்துப்பட்டு உயிர் பிழைத்தவர். அவ்வளவு பட்டவர் வேலையை விட்டுவிட்டு என்ன செய்தார்? சாராயம் காய்ச்சப் புதிய கலம் வடிவமைத்து, 1830இல் காப்புரிமை வாங்கிவிட்டார்!

அதுவரை செப்புக் குண்டா போன்ற ‘பாட் ஸ்டில்’தான். ஒரு ஈடு காய்ச்சி, கழுவி, அடுத்த ஈடு வைக்க வேண்டும். காஃபியின் கலமோ உயரமான இரட்டைத் தூண். ஒரு பக்கம் ஊறல் ஓடிக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் சாராயம் வந்துகொண்டே இருக்கும். தட்டுத் தட்டாக ஏறும்போதே கனமான எண்ணெய்களும் நெடிகளும் கீழே நின்றுவிட, மேலே வருவது சுத்தம், மிக லேசு. அயர்லாந்து ஆலைக்காரர்கள் ‘இதெல்லாம் ஒரு விஸ்கியா?’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் வாரி அணைத்துக்கொண்டார்கள். மக்காச்சோளம், கோதுமையில் இப்படிக் காய்ச்சிய லேசான சாராயத்தை மால்ட்டோடு கலந்துதான் ‘பிளெண்டட் ஸ்காட்ச்’ உலகைப் பிடித்தது!

ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்குப் பாத்திரம் இருக்கிறது, தெரியுமா?

ஸ்காட்லாந்தின் க்ளென்மோரஞ்சி ஆலையில் உள்ள செப்புக் கலங்களின் கழுத்து மட்டும் 5 மீட்டருக்கு மேல்! ஆலைக்காரர்களே ஒட்டகச்சிவிங்கியோடு ஒப்பிட்டு விளம்பரம் செய்கிறார்கள். 1843இல் ஆலையைத் தொடங்கிய வில்லியம் மேத்திசன் லண்டனிலிருந்து பழைய ஜின் கலங்களை வாங்கிப் போட்டார், அவற்றின் நீளக் கழுத்தே இன்றைக்கும் அங்கே தொடர்கிறது.

நீளக் கழுத்தால் என்ன லாபம்? நம்ம கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரைச் சுற்றிவரப் புறப்படும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை முடிச்சு தூக்கியவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள், கைவீசி நடப்பவர்கள் முடித்துவிடுவார்கள். ஆவியும் அப்படித்தான்! கனமானவை பாதிக் கழுத்தில் குளிர்ந்து திரும்பிக் கீழே விழும், லேசானவை மட்டும் உச்சி தாண்டும். கழுத்து குட்டையாக இருந்தால் கனமும் சேர்ந்து வந்துவிடும்.

செம்பு ஏன்? அழகுக்கு அல்ல! ஊறலில் இருந்து வரும் கந்தக நெடியைச் செம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆவி செம்பைத் தொடும் நேரம் கூடக்கூட சாராயம் தெளிகிறது. ஸ்காட்லாந்தின் ஆகெந்தோஷன் ஆலையிலும் அயர்லாந்தின் பல ஆலைகளிலும் மூன்று தடவை வடிப்பதும் அதற்குத்தான். முதல் தரம் கலங்கல், மூன்றாம் தரம் தேறல்!

நம்ம வெயில் லேசுக்கு எதிரி, தெரியுமா?

செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போனால் சுமார் 200 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே 1948இல் தொடங்கிய அம்ருத் ஆலை, 2004இல் இந்திய சிங்கிள் மால்ட்டைக் கொண்டுபோய் எங்கே அறிமுகம் செய்தது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்! திருநெல்வேலிக்கே அல்வா! ஐந்தாறு வருடத்தில், அவர்களுடைய ‘ஃப்யூஷன்’ உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று ஜிம் முர்ரே தன் 2010ஆம் வருட விஸ்கி நூலில் எழுதி, எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்.

ஆனால் பீப்பாயில் இருந்து காற்றோடு போவது இருக்கிறதே! ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு 2 சதவீதம் அளவு. பெங்களூருவில் 10க்கும் மேல்! 200 லிட்டர் பீப்பாயை ஐந்து வருடம் கழித்துத் திறந்தால் அங்கே ஏறத்தாழ 180 லிட்டர், இங்கே 118தான் மிஞ்சும். அக்னி நட்சத்திரத்தில் செருப்பில்லாமல் ராஜகோபுர வாசலில் கால் வைத்தவர்கள், நம்ம ஊரில் பீப்பாய் வைத்தால் என்ன ஆகும் என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெயிலில் மரத்தின் சாரம் சீக்கிரம் இறங்குகிறது. அதனால் நான்கைந்து வருட இந்திய மால்ட்டே வாயை நிறைக்கும் கனத்தோடு நிற்கும். லேசு தேடுகிறவர் இதை மறக்கக் கூடாது. கோவாவின் பால் ஜான் ஆலை ‘நிர்வாணா’ என்று ஒரு மென்மையான வகையை விடுகிறது. நம்ம ஊர்ச் சாமியார்கள் வருடக்கணக்கில் தேடுவதை அவர்கள் பாட்டிலில் அடைத்துவிட்டார்கள்!

மிக லேசான அடிப்படைச் சரக்கு நம்மிடமே இருக்கிறது, தெரியுமா?

இது புதிர் மாதிரி. நம்மூர் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. அதைத் தூண் தூணாக வடித்து 96 சதவீதம் வரை கொண்டுபோய்விடுவார்கள். மணமும் போச்சு, குணமும் போச்சு. அதில் தண்ணீர், கேரமல், மணமூட்டி, சிலவற்றில் கொஞ்சம் மால்ட். தானியத்தில் செய்யாததால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை ‘விஸ்கி’ என்று பெயர் போட்டு விற்க முடியாது!

அத்தனையும் நீக்கியதுதானே, அப்புறம் ஏன் மாமாவுக்குத் தொண்டை அறுத்தது? ஏனென்றால் தெளிவு வேறு, வெறுமை வேறு! ரசத் தெளிவில் மிளகு மணம் நிற்கிறது. வெறும் வெந்நீரில் என்ன நிற்கும்? மணம் இல்லாத இடத்தில் ஆல்கஹாலின் எரிச்சல் மட்டும் தனியாக நின்று பேசும். நல்ல லேசு என்பது வேண்டாததை நீக்கி, வேண்டியதை விட்டுவைப்பது.

இந்தப் பாடத்தைப் படிக்க அமெரிக்கா ஒரு சட்டமே போட்டது, தெரியுமா?

‘லைட் விஸ்கி’ என்று சட்டத்திலேயே ஒரு வகை! 1968இல் விதி வந்தது, 1972 ஜூலையில் சரக்கு கடைக்கு வந்தது. 80 சதவீதத்துக்கும் மேலாக வடிக்க வேண்டும், பழைய பீப்பாயிலோ கருக்காத பீப்பாயிலோ வைக்க வேண்டும். வோட்காவுக்கு ஓடும் இளசுகளைத் திருப்பிப் பிடிக்கலாம் என்று வரிசையாக இறக்கினார்கள். படுத்துவிட்டது! லேசு வேண்டியவர் வோட்காவையே குடித்தார், விஸ்கி வேண்டியவர் பழைய விஸ்கிக்கே போனார்.

மார்கழித் தேங்காயெண்ணெய்க்கும் விஸ்கிக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா?

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும். வெயிலில் வைத்து, அப்புறம் தலையில் தேய்ப்போம். விஸ்கியிலும் நுண்ணிய கொழுப்புச் சேர்மங்கள் உண்டு. 46 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் விஸ்கியில் ஐஸ் போட்டால், அவை திரண்டு லேசாகக் கலங்கும். வாங்குகிறவர் பயந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே குளிரவைத்து வடிகட்டிவிடுவார்கள். பளிச்சென்று இருக்கும், வாயில் அந்த எண்ணெய்ப் பசையும் குறைந்திருக்கும். இதுவும் லேசுக்கு ஒரு வழி! ‘குளிர்வடிப்பு செய்யாதது’ என்று லேபிள் பெருமையாகச் சொன்னால், கனம் கொஞ்சம் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஸ்பூன் தண்ணீர் மணத்தை மேலே தூக்கும், தெரியுமா?

‘ராவா அடிச்சாதான் ருசி’ என்கிற வீரர்களே, கேளுங்கள்! ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் 2017இல் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் அதிகமானால் உள்ளே புதைந்துகொள்கிறது. தண்ணீர் சேர்த்து 45 சதவீதத்துக்கு வந்தால் மேற்பரப்புக்கு ஏறி நிற்கிறது, மூக்குக்குப் பக்கத்தில்! ஐஸை வாரிக் கொட்டினாலோ மணம் மரத்துப்போகும். லேசான விஸ்கியில் மணம்தானே சொத்து? அதைக் கோலாவில் முக்கி எடுப்பது, ஜாதிமல்லிச் சரத்தின் மேல் சென்ட் அடிப்பது மாதிரி.

நாம் கட்டிய விற்பனை வரிக்கும் மதுவுக்கும் ரத்த சம்பந்தம், தெரியுமா?

1937 அக்டோபர் 1. ராஜாஜி ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த வருடம் சித்தூர், கடப்பா. 1939இல் வட ஆற்காடு. அப்போது திருவண்ணாமலை எந்த மாவட்டம்? வட ஆற்காடேதான்! சென்னை, மதுரைக்கெல்லாம் முன்பே நம்ம ஊர் வறண்டுவிட்டது. கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க, அதே 1939இல் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி, நாட்டிலேயே முதல் முறையாக! குடிக்காதவர் சோப்பு வாங்கினாலும் வரி கட்டிய கதையின் தொடக்கம் இதுதான்.

சக்கரம் சுற்றிற்று. 1971இல் விலக்கு தளர்ந்தது, பிறகு மீண்டும் வந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003 நவம்பரில் சில்லறைக் கடையும் அரசே நடத்தத் தொடங்கியது. இன்றும் கார்த்திகை தீபம் வந்தால் நகரில் மதுக்கடைகளை மூடச் சொல்லி கலெக்டர் உத்தரவு வருவது வழக்கம். வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம் உட்பட வருடத்தில் எட்டு நாள் மாநிலம் முழுக்க விடுமுறை. கள்ளுண்ணாமைக்கு ஒரு முழு அதிகாரம் எழுதியவர் பெயரால் கடை மூடுவது பொருத்தம்தான்!

திருவண்ணாமலை தந்த ஆங்கில நாவலை ஒரு பாட்டில் திருப்பிப் போட்டது, தெரியுமா?

1938இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ரமணாசிரமம் வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்துவிட, பகவான் ரமணரே அறைக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சந்திப்பின் சாயலில் மாம் எழுதிய நாவல் ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’, 1944இல் வந்தது. அதில் குடியை விட்டு மீண்டுகொண்டிருக்கும் சோஃபி என்ற பெண்ணின் கண்ணில் படும்படி, இசபெல் என்பவள் ஒரு பாட்டிலை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போகிறாள். என்ன பாட்டில்? நெடியடிக்கும் முரட்டுச் சரக்கா? இல்லை! புல்வாசம் வீசும் போலந்து நாட்டு மென்மையான வோட்கா, ஜூப்ரோவ்கா. சோஃபி தோற்றுப்போகிறாள். ஞானம் தேடி ஒருவன் மலையடிவாரம் வரும் கதையிலேயே, லேசு என்ற தூண்டிலும் தொங்குகிறது!

நாக்கு ‘லேசு’ என்று சொன்னால் பத்திரம் என்று அர்த்தமில்லை, தெரியுமா?

இங்கே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனாலுக்கு நிறமில்லை, முரட்டு நெடியில்லை, நாக்கு அதைக் கண்டுபிடிக்காது. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போனது அந்த விஷத்தால்தான். லேபிளும் சீலும் இல்லாத எதையும், யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். சீல் போட்டது மட்டும் மருந்தா? ‘இந்த அளவு வரை குடித்தால் கெடுதல் இல்லை என்று சொல்லும்படி ஒரு அளவே இல்லை’ என்பது 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாக்கிய நிலை. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு விற்கவே கூடாது. குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியம் துளியும் இல்லை!

லேசைக் கண்டுபிடிக்கும் வழி, ஒரே மூச்சில்!

* ‘மூன்று முறை வடித்தது’ என்று இருந்தால் தெளிவு கூடுதல். அயர்லாந்து வகைகளில் நிறையக் காணலாம்.
* ‘சிங்கிள் கிரெய்ன்’ என்றால் தூண் கலம், தானியம், லேசு. ஜப்பானின் ‘சிட்டா’ இந்த ஜாதி.
* ஸ்காட்ச் என்றால் ‘லோலேண்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். க்ளென்கின்சி, ஆகெந்தோஷன் அந்தப் பக்கத்து ஆட்கள்.
* ‘பீட்’ என்றால் கரிநிலப் புகையில் வாட்டிய பார்லி. ஐலா தீவின் லஃப்ரோய்க், லாகவூலின் போன்றவை புகையும் மருந்து வாசமுமாக மிரட்டும். முதல் முறை வேண்டாம்.
* ‘பூர்பன் பீப்பாய்’ என்றால் வெனிலா, தேன் பக்கம். பூர்பனுக்குக் கருக்கிய புது ஓக் கலம் கட்டாயம் என்பது அமெரிக்கச் சட்டம், ஒரு தரம் பயன்பட்ட பீப்பாய்கள்தான் உலகெங்கும் பயணிக்கின்றன. ‘ஷெர்ரி பீப்பாய்’ என்றால் உலர்திராட்சை, கனம் பக்கம்.
* நிறத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள்!

கடைசியாக, மாமா கதை என்ன ஆயிற்று தெரியுமா?

டப்ளினில் வேலை பார்க்கும் அவர் மருமகன் தை மாதம் வந்தபோது, விமான நிலையக் கடையிலிருந்து மூன்று முறை வடித்த ஐரிஷ் ஒன்றைக் கொண்டுவந்தார். மாமா எவர்சில்வர் டம்ளரை எடுக்க, நான் பிடுங்கி வாய் குறுகிய கண்ணாடி டம்ளரைக் கொடுத்தேன். 30 மில்லி. ஒரு ஸ்பூன் தண்ணீர். முதலில் மூக்கு, அப்புறம் நாக்கு. மாமா கண்ணை மூடிக்கொண்டார். மொட்டை மாடியில் காற்று, எதிரே இருட்டில் மலை.

“பச்சை மாங்கா வாசன வருதுடா” என்றார். கொஞ்சம் கழித்து, “இல்ல, பேரிக்கா.” இன்னும் கொஞ்சம் கழித்து, “அது போயிடுச்சு. இப்ப தேன்.”

அரை மணி நேரம் ஆயிற்று, டம்ளரில் இன்னும் பாதி. வழக்கமாக அந்த நேரத்துக்குள் குவார்ட்டர் காலியாகி, ஊறுகாயும் தீர்ந்திருக்கும். “இன்னொண்ணு ஊத்தட்டா மாமா?” என்றார் மருமகன்.

மாமா டம்ளரைக் கையால் மூடினார். “வேணாம் மாப்ள. மோந்து பாக்கவே இன்னும் பாக்கி இருக்கு.”

தையில் திறந்த பாட்டில் அது. ஆடி பிறந்தும் அலமாரியில் பாதி நிற்கிறது!